போய் எடுத்து வருவது வேறு

எங்கள் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் இங்கிலீஷ் கடிதங்களை டைப் அடித்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுடைய சொந்தக்காரர்கள் இன்னும் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு, இன்ன இடத்தில் இன்ன வார்த்தை சரியில்லை என்று என் வீட்டுக்கே வந்து நிற்கக்கூடிய குடும்பம் அது. ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் கீழே விற்பனைக் கடை, மாடியில் ஆபீஸ் என்று இருந்தது சங்கம். நான் பார்சல் பிரிவு. பிரிவு என்றால் நானும், ஒரு மர அலமாரியும், ஒரு சணல் கண்டும். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். அப்பா, தம்பி எல்லாரும் தறியில் உட்கார, இவள் மட்டும் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பாக்க வந்தவன் லெட்டர்ல 'கைண்ட்லி'க்கு ரெண்டு எல் போட்டிருந்தான்பா" என்பாள். அது நிஜமா விளையாட்டா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி இருந்தது. பழைய பேப்பர் கடையில் வாங்கியது. அட்டையும் முதல் மூன்று எழுத்துகளும் கிழிந்துபோய், 'டி'யில்தான் ஆரம்பிக்கும். சரிபார்க்க முடியாத பெரிய வார்த்தை எதையும் அக்கா எழுதமாட்டாள். அதனால் 'அபாலஜி' என்ற சொல் எங்கள் சங்கத்துக் கடிதங்களில் வந்ததே இல்லை. பம்பாய்க்காரர்களும் டெல்லிக்காரர்களும் என்ன குறை சொல்லி எழுதினாலும் நாங்கள் மன்னிப்புக் கேட்கவே மாட்டோம். கெத்தான சங்கம் என்று வெளியூரில் பேர்.

ஆனால் 'ஆர்' எழுத்து முழுசாக இருந்தது. அதுவும் 'ரி', 'ரெ' என்று தொடங்குகிற பக்கங்கள் மஞ்சள் அப்பி, ஓரம் சுருண்டு, அப்பளம் மாதிரி இருக்கும். போன ஒன்று திரும்பி வருவதைச் சொல்ல இங்கிலீஷ்காரன் எத்தனை வார்த்தை வைத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தீராத ஆச்சரியம். "நம்மகிட்டயும் இருக்குதுபா. திருப்பறது, மீக்கறது, கொணாறது. ஆனா நாம எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டுக் கலக்கிடுறோம்" என்பாள். அவள் கலக்கமாட்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் குடை ரிப்பேர்காரர் ஒருவர் புதுசாக இங்கிலீஷில் போர்டு மாட்டினார். இங்கே குடைகள் 'ரெகவர்' செய்யப்படும் என்று. புதுத் துணி போட்டுத் தருவேன் என்று அவர் சொல்ல வந்தது. அக்கா சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனாள்.

"ஐயா, நடுவுல ஒரு சின்னக் கோடு போடணும். கோடு இல்லாங்காட்டி, குடை காய்ச்சல்லேர்ந்து பொழைச்சு எழுந்துச்சுன்னு அர்த்தம்."

அவர் மடியிலிருந்த குடையை விரித்துப் பார்த்தார். "ஆமாம்மா. இது காத்தால ரொம்ப முடியாம இருந்துச்சு. இப்ப தேவல" என்றார்.

அக்கா அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஒரு சாக்பீஸ் எடுத்துப் போய்த் தானே கோடு போட்டுவிட்டு வந்தாள். மழையில் அழிந்தது. மறுபடி போட்டாள். அந்த வருஷம் ஐப்பசி முழுவதும் இதுவே வேலை.

வீட்டிலும் இப்படித்தான். பக்கத்து வீட்டு அம்மாள் இட்லிப் பானையை வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் கழித்துத் தந்தால், "நீ திருப்பிக் குடுத்தியா, இல்ல நான் கேட்டு வாங்குனனா? அத மொதல்ல முடிவு பண்ணு" என்பாள். அந்த அம்மாள் பானையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பாள். ஒரு பழைய கோயில் வாசலில் 'ரெஸ்டோர்' செய்யப்பட்டது என்று தகரப் பலகை வைத்திருந்தார்கள். அக்கா காவல்காரரிடம், "முன்ன எப்பிடி இருந்துச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றார். "அப்பறம் எப்பிடி ரெஸ்டோரு?" அவர் எழுந்து கேட்டைப் பூட்டிவிட்டார்.

இவளோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தேன். பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. இந்தக் குணம் என் வேலையையே காவு வாங்கப் பார்க்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

குன்னூரில் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் ஒரு வயசான துரைசானியம்மாள் இருந்தாள். புருஷன் இறந்த பிறகும் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டவள். அவள் எங்கள் சங்கத்துக்கு எழுதி, 'ட்விலைட்' நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கேட்டிருந்தாள். நிறத்துக்கு மாதிரியாக ஒரு துண்டு ரிப்பனும் வைத்திருந்தாள். ரிப்பன் நேராகத் தறிக்குப் போய்விட்டது. அக்காவின் தம்பிதான் நெய்தான். கடிதத்தில் இருந்த சொல்லை மாற்றக் கூடாது என்பது அக்காவின் சட்டம். எனக்கு வந்த அனுப்புச் சீட்டில் 'ட்விலைட்' என்றே அடித்திருந்தாள்.

அலமாரியில் அன்று இரண்டு புடவைகள் இருந்தன. ஒன்று சாம்பலும் நீலமும் கலந்த மாதிரி. இன்னொன்று நல்ல அரக்குச் சிவப்பு, அகலக் கரை. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள்தான். ஆனாலும் அந்தச் சொல் பாடத்தில் வரவில்லை.

"அக்கா, ட்விலைட்டுன்னா இன்னா?"

"அந்தி" என்றாள்.

வழக்கமாக ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் அரை மணி நேரம் ஆகும். அன்று மகாசபை அறிக்கை அடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஒரே சொல்லில் பதில் சொன்னாள். அந்த ஒரு தடவைதான் அப்படிச் சொன்னாள்.

அந்தி என்றால் என்ன நிறம்? ஏகாம்பரநாதர் கோபுரத்துக்குப் பின்னால் சாயங்காலம் வானம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சிவப்புப் புடவையை மடித்து, துணி வைத்துத் தைத்து, குன்னூர் விலாசம் எழுதி அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை அக்காவின் தம்பி நூல் வாங்க வந்தான். அலமாரியைப் பார்த்தான்.

"இன்னாம்மா, நான் நெய்ஞ்ச துரைசானி பொடவை இங்கயே இருக்குது?"

நான் பார்த்தேன். அக்கா பார்த்தாள். பிறகு இருவரும் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தோம். அங்கே இருந்திருக்க வேண்டியது தென்னேரி விவசாயி ஒருவர் தன் ஒரே பெண்ணின் முகூர்த்தத்துக்குச் சொல்லி வைத்தது. காமாட்சியம்மனுக்குச் சாத்தியிருந்த புடவையைப் பார்த்து அந்தப் பெண், அதே அரக்கு, அதே கரை என்று கேட்டதாம். ஆறு மாதத்துக்கு முன்பே வந்து சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

தம்பிக்கு வாய் உண்டு என்றாலும் அக்கா பார்த்த பார்வையில் நூலை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டான். நான் சணல் கண்டின் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் பார்சலில் இருந்தவளை, பெங்களூர் போகவேண்டியதை மங்களூருக்கு அனுப்பியதற்காக மானேஜர் வேலையை விட்டே அனுப்பியிருந்தார். என் வீட்டிலோ என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது.

"அழாதடி. நீ தப்புப் பண்ணல. நான்தான் அந்தின்னு மொட்டையா சொன்னேன்" என்றாள் அக்கா. "அந்தின்னா ஒனக்குச் செவப்பு. அந்தம்மாவுக்கு வேற. ஒரு வார்த்தையக் குடுத்தா அதோட வீட்டையும் காட்டிக் குடுக்கணும். நான் காட்டல."

"தந்தி அடிச்சிடலாமாக்கா?"

"தந்தி ஆபீஸ்ல இருக்கிறவன் மானேஜரு மச்சினன். சாயந்தரத்துக்குள்ள அவரு காதுக்குப் போயிடும். லெட்டர் எழுதலாம். இரு, நல்ல வார்த்தையா ஒண்ணு பாக்கறேன்."

நல்ல வார்த்தையா ஒண்ணு பார்ப்பதற்கு அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள்.

இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கிறது, புடவை குன்னூரில் இருக்கிறது, இவள் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திங்கள் மத்தியானம் நான் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்க, அவள் விரலை மடக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ரிட்டர்ன்னு போட்டா, நீ அனுப்புன்னு அர்த்தம். அவங்க எதையோ தூக்கிக்கினு போன மாதிரி ஆயிடும். வேணாம்."

"சரிக்கா. வேற?"

"ரெகவர். நம்ம தெருவுல பழைய ஜரிகைப் பொடவைய எரிச்சு வெள்ளி எடுக்கறாங்களே, அது ரெகவரு. எரிச்சுடப் போறாங்க, வேணாம்."

செவ்வாய்க்கிழமை: "ரிடீம். அது அடகுக் கடை. வேணாம். ரிவைவ். மயங்கி வுழுந்தவன் மூஞ்சில தண்ணி தெளிக்கறது. பட்டுல தண்ணி பட்டா போச்சு."

"அக்கா, இன்னிக்கு தபால் எடுத்துடுவாங்க."

"ரீகிளெய்ம். ஏரியில மண்ண கொட்டி நெலம் ஆக்கறான் பாரு, அது."

"அக்கா, காலுல வேணா வுழறேன். ஏதாச்சும் ஒண்ணு போடு."

"ஏதாச்சும் ஒண்ணுன்னு ஒண்ணும் இல்லபா" என்றாள். கோபமாக இல்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்று ராத்திரி வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்கு, ஏரியில் மண் கொட்டுகிறார்கள் என்று ஏதோ உளறினேன்.

புதன்கிழமை மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. டைப்ரைட்டரில் தாளைச் செருகிக்கொண்டே சொன்னாள்.

"ரிட்ரீவ். தறியில ஒரு இழை அறுந்து உள்ள போயிடுச்சுன்னா இன்னா பண்ணுவோம்? அதுவா வராது. நாமதான் விரல வுட்டுத் தேடி, இழுத்து, கட்டணும். தொலைஞ்ச எடத்துக்கு நாமளே போயி எடுத்தாறது. யாருமேலயும் குத்தம் இல்ல. இதான்பா."

கடிதம் மொத்தம் நாலு வரி. தவறுதலாக வந்த புடவையை ரிட்ரீவ் செய்ய விரும்புகிறோம் என்று முடிந்தது. மன்னிப்பு இல்லை. மறுநாள் காலைத் தபாலில் போட்டோம். திரும்பி நடக்கும்போது அக்கா சாதாரணமாகச் சொன்னாள்.

"திங்கக்கெழம கெளம்பணும். ஒரு நல்ல பொடவையா எடுத்து வெச்சுக்கோ. அங்க குளிரும்."

"எங்கக்கா?"

"குன்னூருக்கு. ரிட்ரீவ்னு எழுதியாச்சு இல்ல? ரிட்டர்ன்னு எழுதியிருந்தா வூட்ல இருக்கலாம். இதுக்குப் போயாகணும்."

காஞ்சிபுரத்தைத் தாண்டினால் எனக்குத் தெரிந்த தூரதேசம் அரக்கோணம். வேலை போகும் பயம் ஒரு பக்கம், இவளோடு மலைக்குப் போகும் பயம் இன்னொரு பக்கம். அன்று மானேஜரிடம் லீவு கேட்கப் போனோம். அக்கா பொய் சொல்லமாட்டாள். "ரெண்டு பேரும் மலைக்குப் போயிட்டு வர்றோம் சார்" என்றாள். மானேஜர் உடனே எழுந்து நின்று கைகூப்பினார். திருப்பதி என்று நினைத்துக்கொண்டார். "போயிட்டு வாங்கம்மா. எனக்கும் ஒரு நமஸ்காரம் போடுங்க. பிரசாதம் மறக்காதீங்க" என்றார். அக்கா, "சரிங்க சார்" என்றாள். வெளியே வந்து, "நான் மலைன்னுதான் சொன்னேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாம்பல் நீலப் புடவையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டோம். அரக்கோணத்தில் ஏறி, மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ரயிலில் குன்னூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. குளிரில் எனக்குப் பல் தாளம் போட்டது. அக்கா மட்டும் ரயில்வே போர்டுகளில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டே வந்தாள்.

தேயிலைச் சரிவில் ஏறி பங்களா வாசலில் செருப்பைக் கழற்றியதுதான் தாமதம், பொன்னிறத்தில் சடைசடையாக ஒரு பெரிய நாய் ஓடி வந்து அக்காவின் வலது செருப்பைக் கவ்விக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டது. துரைசானியம்மாள் கைத்தடியோடு வெளியே வந்தாள். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கெஞ்சினாள். பிஸ்கட்டை ஆட்டினாள். அது தூரத்தில் செருப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே தவிர வரவில்லை.

முப்பது வருஷம் தோட்டத்து ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ் அவளுடையது. "கோவிக்காதே. இது நல்ல சாதி நாய். ரிட்ரீவர். ஆனா இது போகும், எடுக்கும், வராது" என்றாள்.

அக்கா ஒற்றைச் செருப்போடு நின்று கொஞ்ச நேரம் அந்த நாயைப் பார்த்தாள். "தம் பேருக்கே அர்த்தம் தெரியாத ஜென்மம்" என்று என் காதில் சொன்னாள்.

துரைசானியம்மாள் எங்களை உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தாள். அக்கா காஞ்சிபுரத்திலிருந்து வருகிறோம், புடவை விஷயம் என்று இங்கிலீஷில் சொல்லி, நீலப் புடவையை எடுத்து விரித்தாள். கிழவியின் முகம் மலர்ந்தது. ஜன்னலுக்கு எடுத்துப் போய், மலையைக் காட்டி, புடவையைக் காட்டி, "இது, இதுதான் கேட்டது. சிவப்பு வந்துது. நான் நெனச்சேன், உன் ஊர்ல ட்விலைட் இப்படித்தான் இருக்கும். சரின்னு சோபாமேல போட்டாச்சு" என்றாள்.

"இப்ப அந்தச் செவப்பு எங்கம்மா இருக்குது?" என்று நான் கேட்டேன்.

"அனுப்பியாச்சே. இன்னிக்குக் காலையில. தபால் ஆபீஸ்ல குடுத்தாச்சு."

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"நேத்து லெட்டர் வந்துது. ரிட்ரீவ்னு எழுதிருக்குது" என்றாள் கிழவி, அன்பாகத்தான். "பாவம், கிளார்க்குக்கு இங்கிலீஷ் தெரியலேன்னு நெனச்சேன். ரிட்டர்ன்னு சொல்றதுக்குத் தப்பா எழுதிட்டுது. அதனால நான் ரிட்டர்ன் பண்ணியாச்சு."

எத்தனையோ பேர் அக்காவைக் கேலி செய்து பார்த்திருக்கிறேன். பைத்தியம் என்று சொன்னதும் உண்டு. அவள் முகம் மாறிப் பார்த்ததில்லை. அன்று மாறியது. மூன்று நாள் தேடி எடுத்த சொல்லைத் தப்பு என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அதுவும் இங்கிலீஷ்காரி. அக்காவின் காது மடல்கள் சிவந்தன. எனக்குக் கல்யாணப் பெண்ணும் மறந்துபோய், என் வேலையும் மறந்துபோய், இவள் அழுதுவிடக் கூடாதே என்றிருந்தது.

அவள் அழவில்லை. எழுந்து நின்றாள். நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள், எனக்கே புரிந்தது. "அது தப்பில்லை மேடம். அந்தக் கிளார்க் நான்தான். ரிட்டர்ன் என்றால் நீங்கள் அனுப்புவது. ரிட்ரீவ் என்றால் நாங்கள் வருவது. வந்திருக்கிறோம்."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பையும் பார்த்தாள். பிறகு, "வெள்ளிக்கிழமை கல்யாணம்" என்று நான் இழுத்ததும் கைத்தடியை வீசிவிட்டு கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.

அந்தக் கார் எந்தக் காலத்தியதோ தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளில் அவள் ஓட்டிய ஓட்டத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். நடுவே கண்ணைத் திறந்தபோது அக்கா முன் சீட்டில் நேராக உட்கார்ந்து, வழியில் இருந்த போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

தபால் ஆபீசில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி மலை ரயிலில் போகும் பை. நாங்களும் அதே ரயிலில்தான் திரும்ப வேண்டும். "நாங்க போற ரயில்லதான போவுது சார், வழியில குடுத்துடுங்களேன்" என்று நான் கேட்டேன்; கவுன்டர்காரர் முத்திரை குத்திக்கொண்டே இருந்தார். அக்காதான் பேசினாள்.

"எப்ப போய்ச் சேரும் சார்?"

"கோயமுத்தூர்ல பிரிச்சு, மெட்ராஸ் போயி, அப்பறம் ஒங்க ஊரு. சனிக்கிழமை ஆகும்."

"இப்ப எடுக்க முடியாதா?"

"அனுப்பினவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேக்கணும். என்னா காரணம், என்னா வேணும்னு தெளிவா எழுதணும். சீக்கிரம். பை வாயக் கட்டிட்டா நான் அவுக்க மாட்டேன்."

ஒரு தாளைத் தள்ளினார். கிழவி பேனாவை எடுத்தாள். விலாசம் எழுதினாள். இந்தப் பார்சலை நான், என்று எழுதினாள். அங்கே நின்றுவிட்டாள். பேனாவைத் தூக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். கேலியெல்லாம் இல்லை, உண்மையான மரியாதையோடு கேட்டாள்.

"நீ சொல்லு. இங்க சரியான வார்த்தை எது?"

அக்கா வாயைத் திறந்தாள். அவள் கண்ணுக்குள் அந்த மஞ்சள் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரள்வது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒருவர் பையின் வாயைச் சுருக்கி, சணலை இரண்டாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து நெரித்தேன்.

"எனி வேர்ட், மேடம்" என்றாள் அக்கா. "எதுனா ஒண்ணு எழுதுங்க."

கிழவி கிறுக்கிக் கையெழுத்துப் போட்டாள். கவுன்டர்காரர் வாங்கிப் பார்த்தார். பை வாய் அவிழ்ந்தது. என் தையலைவிட மோசமாகத் தைத்த துணிப் பொட்டலம் ஒன்று கம்பிக்கு அடியில் தள்ளப்பட்டது. அக்கா அதை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். விலாசத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அவளுக்கும் பயமிருந்திருக்கிறது. எனக்குக் காட்டவில்லை.

கிழவி எங்களுக்கு வழிச்சாப்பாட்டுக்கு என்று ஒரு பெரிய பொட்டலம் அந்த ஊர் வறுக்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். அக்காவுக்குத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுக்க வந்தாள். அது இவள் காலுக்கு இரண்டு பங்கு இருந்தது. அக்கா மிச்சமிருந்த ஒற்றையையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ரயிலேறினாள்.

மலை ரயிலில் புடவைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அரக்குப் புடவை பத்திரமாக இருந்தது. ஆனால் சோபாவில் விரித்த புடவையின் மேல் அந்த நாய் பத்து நாள் படுத்திருக்கிறது. பொன்னிற முடி ஜரிகையோடு ஜரிகையாக ஒட்டி மின்னியது. எது முடி, எது ஜரிகை என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா தறிக்காரி மகள். விரலால் தடவியே கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியே விட்டாள். குகை வந்தால் நிறுத்துவாள், வெளிச்சம் வந்தால் தொடர்வாள். மலை இறங்கும்வரை இதே வேலை.

நடுவில் கேட்டாள். "அந்தம்மா இன்னா வார்த்தை எழுதுச்சு? நீ பக்கத்துல இருந்தியே, பாத்தியா?"

பார்த்தேன். கொட்டை எழுத்தில் 'ரிட்டர்ன்' என்று எழுதியிருந்தாள்.

"கையெழுத்து புரியலக்கா" என்றேன்.

"எதுவா இருந்தா இன்னா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ரீகால்னு போட்டிருக்கலாம். அது பொருத்தமா இருந்திருக்கும்" என்றாள்.

மேட்டுப்பாளையம் நெருங்கும்போது வெயில் இறங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் மலை முழுக்க நீலமாக, மேலே சாம்பல் படிந்து நின்றது. சிவப்பு மருந்துக்கும் இல்லை. அக்கா என் முகவாயைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள்.

"நல்லா பாத்துக்கோ. அவங்க அந்தி இதான்."

இரண்டு பேரும் அது இருட்டுகிறவரை பார்த்தோம்.

புதன்கிழமை காலையில் நேராக ஆபீஸ். மானேஜர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அக்கா நாலு வறுக்கியை எடுத்து வைத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்தது.

"லட்டு இல்லியாம்மா?"

"மலையில எங்களுக்கு இதான் சார் கெடச்சுது."

"தீந்துடுச்சு போல. கூட்டமா?"

"மூணு பேருதான் சார் இருந்தோம்."

திருப்பதியில் மூன்று பேர் என்பது அவர் மூளைக்குள் போவதற்குள் வறுக்கி வாய்க்குள் போய்விட்டது. நன்றாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கி, வீட்டில் பூஜைக்கு என்று காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தென்னேரிக்காரர் வந்தார். புடவையைத் தொட்டுப் பார்த்து, சந்தோஷத்தில் பேச்சு வராமல், ஆபீசில் இருந்த எல்லாருக்கும் பத்திரிகை வைத்தார். மறுநாள் நானும் அக்காவும் பஸ் பிடித்துப் போனோம். முகூர்த்தம் முடிந்து அந்தப் பெண் பந்திப் பக்கம் வந்தது. கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது குனிந்து தன் புடவையையே பார்த்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு கிழவி முந்தானையைத் தடவி, "தறியிலேர்ந்து அறுத்து அப்பிடியே எடுத்தாந்த மாதிரி இருக்குது" என்றாள். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"நல்லா சாப்புடுங்கம்மா. வெயில்ல நின்னு உழைக்கிற எங்களுக்குத்தான் ஒண்ணு நடக்கணும்னா நாய்படாத பாடு. ஒங்க ஆபீஸ்ல சொன்ன தேதிக்குச் சொன்னபடி எல்லாம் நடந்துடுது. நாற்காலியில குந்துன எடத்துலேர்ந்தே முடிச்சுடுறீங்க."

எனக்கு ரசம் புரையேறி மூக்கு வழியாக வந்தது. அக்கா இடது கையால் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆமாங்க" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தைகூடத் தேடவில்லை. இலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டாள்.